தலையாட்டி

சாவியைத் திருகியதும்
கதவு ஒருமுறை இருமும்.
திங்கட்கிழமை. பார்வையாளர் இல்லை.
திருமதி ஐசெலே முன்னால் நடக்கிறார்
விளக்குகளை ஒவ்வொன்றாய் எழுப்பிக்கொண்டு.
ஞானஸ்நானத் தொட்டியில் நனைந்த குடைகள்.
பலிபீடம் இருந்த இடத்தில் ஓர் உலகப்படம்.
இந்தச் சுவாபிய ஊரிலிருந்து கிளம்பிய சிவப்பு நூல்கள்
கடல் தாண்டிக் குண்டூசிகளில் முடிகின்றன.
ஒரு குண்டூசி, எங்கள் பக்கத்துக் கரையில்,
தண்ணீருக்குள் குத்தியிருக்கிறது.
யாரும் கவனித்ததில்லை.
நானும் சொல்லவில்லை.

"இவன்தான்."

முழங்காலிட்ட சாந்துப் பையன்.
ஒரு முழம்கூட இல்லை.
சிவப்புத் தலைப்பாகை, கூப்பிய கை,
மூக்கு நுனியில் பழுப்பு உதிர்ந்து சுண்ணாம்பு தெரிகிறது.
அவனுக்குக் கீழே தகரப் பெட்டி,
பெட்டிக்கு ஒரு வாய்.
ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் காசு போட்டால்
தலை குனிந்து நன்றி சொல்வானாம்.
ஃபெனிக்குக்கு ஒரு குனிவு,
மார்க்குக்கும் அதே குனிவுதான்.

எங்கள் பாஷையில் இவனுக்கு ஒரு சொல் உண்டு.
பொம்மைக்கும் அதுவே பெயர், வசவுக்கும் அதுவே.
ஜெர்மனில் சொல்லிப் பார்க்க வாயெடுத்தேன்,
விட்டுவிட்டேன்.

பாதி வணக்கத்தில் கழுத்துச் சிக்கி
தன் மடியையே பார்த்தபடி இருக்கிறான்,
எத்தனை ஆண்டாய் என்று பதிவேட்டில் இல்லை.

ஷ்வெனிங்கன் கடிகார ஆலையில் பதினேழு வருடம்
மயிரிழைச் சுருள் பொருத்தியவள் நான்.
ஆலையை மூடினார்கள்.
விரல்களை யாரும் மூடவில்லை.

"இவனை ஆடவைப்பதா வேண்டாமா என்று
மூன்று கூட்டம் போட்டோம்.
அவமானம் என்றார் போதகர்.
வரலாறு என்றார் பொருளாளர்.
உங்களைக் கேட்கலாம் என்றேன் நான்."

நான் சின்னத் திருப்புளியைக் கேட்டேன்.

வயிற்றுத் தகட்டைக் கழற்றினால்
நெம்புகோல், ஈயக் குண்டு, துருவேறிய வில்.
நெம்புகோல் இடுக்கில் சிக்கிக் கிடந்தது
காசில்லை, ஒரு பொத்தான்.
எலும்பில் கடைந்தது. நான்கு துளை.
ஒரு துளையில் இன்னும் நீல நூல்.

அம்மா தந்த காசை மிட்டாய்க்கு ஒதுக்கிவிட்டுச்
சட்டையிலிருந்து பிய்த்துப் போட்டவன்,
பனியில், ஒரு கையால் கழுத்துப்பட்டையைப் பொத்திக்கொண்டு
வீடு போயிருப்பான்.
இவன் அதற்கும் குனியத் தொடங்கிப்
பாதியில் நின்றிருக்கிறான்.
ஏமாந்தானோ, கண்டுபிடித்தானோ.

பொத்தானைக் கைக்குட்டையில் முடிந்தேன்.
அது இருவருக்குள் நடந்த விஷயம்.
பொருளாளருக்கு எதற்கு?

எண்பத்தாறு. கார்ல்ஸ்ரூஹ. மூன்றாம் மாடி.
சூடேற்றி டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தது.
வீடு எரிந்ததை நீங்கள் கண்ணால் கண்டீர்களா?
நான் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தேன்,
நாங்கள் ஆமென்று அசைக்கிற மாதிரி.
மொழிபெயர்ப்பாளர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.
அதிகாரி தட்டச்சில் நான்கே எழுத்து அடித்தார்.
அந்த நான்கெழுத்தை அழிக்க
எனக்கு மூன்று குளிர்காலம் ஆயிற்று.

கழுத்தின் அச்சூசி தேய்ந்திருந்தது.
புதிதாய் ஒன்று கடைந்து, எண்ணெய் தொட்டு,
குறுக்கே செருக வேண்டியதை
நெடுக்கே செருகினேன்.
கிழவிக்குக் கை தவறிவிட்டது என்று
எழுதிக்கொள்ளட்டும்.

திருமதி ஐசெலே பணப்பையைத் துழாவிப்
பத்து சென்ட் போட்டார்.
தகரத்தில் விழுந்த சத்தம்
கூரைவரை போய்விட்டு நிதானமாய்த் திரும்பியது.
பையன் நிமிர்ந்தே இருந்தான்.
தலை இடத்தோள் பக்கம் சாய்ந்தது,
வலத்தோள் பக்கம்,
இன்னொரு முறை, கொஞ்சம் குறைவாய்.
அவன் கண்ணுக்கு நீலம் தீட்டியிருக்கிறார்கள்,
இப்போதுதான் தெரிந்தது.

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார்.
"வேண்டாம் என்கிறானா?"

நான் தலையை ஆட்டினேன்.